இரண்டாவது மதிப்பாய்வாளருக்குப் பதில்

ஐயா, அல்லது அம்மா,
பெயரை மறைப்பது உங்கள் தரப்பின் வழக்கம்.
பதினான்காம் மாதிரியின் வரைபில்
ஒன்று தசம் ஒன்பது நான்கு மைக்ரோனில்
ஏன் இத்தனை ஆழமாய் ஒரு பள்ளம் என்று கேட்கிறீர்கள்.
‘இவ்வளவு நீர் அங்கே இருக்கக் கூடாது. விளக்குக.’

விளக்குகிறேன்.

எங்கள் ஆய்வுகூடம் தேர்ஸ்டன் வீதியில், மூன்றாம் மாடி.
யன்னலை எவ்வளவு சாத்தினாலும்
கடல் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.
வைகாசியில் இங்கே பாண் இரண்டாம் நாளே பூக்கும்,
முத்திரைகள் லாச்சிக்குள் ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கும்,
நாலு குச்சி உரசினால் ஒன்று பற்றும்.
இந்தக் காற்றுக்குள் இருந்துகொண்டு
செவ்வாயின் வறட்சியை
ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் உண்டாக்குவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

உப்பு புதினமானதல்ல.
பம்பலப்பிட்டி மருந்துக்கடையில்
பேதிக்கு வாங்குகிற அதே உப்பு.
வியாழனின் நிலாவொன்றில், வெடித்த பனித்தோலில்
அதைக் கண்டதாகச் சிலர் சொல்கிறார்கள்,
அது வேறெதுவோ என்று சிலர்.
அந்தச் சண்டையின் ஓரத்தில்
எங்களுக்கு ஒரு மேசையும் ஒரு தராசும் கிடைத்தன.

மகனீசியம் சல்பேற்று நீரைக் குடிப்பதில்லை,
எண்ணி வைத்துக்கொள்கிறது.
ஏழு.
காற்று கொஞ்சம் காய்ந்தால் ஆறு.
சூடாக்கிக்கொண்டே போனால் ஒன்று.
அந்த ஒன்றைப் பிடுங்க
முந்நூறு பாகைக்கு மேலே போகவேண்டும்.
அடகுகடைப் படியேறிய பிறகும்
விரலை விட்டுக் கழலாத மோதிரம் அது.
குளிரில் விட்டாலோ
பதினொன்று வரை சேர்த்துக்கொள்ளும்,
ஊசி ஊசியாய், நிறமில்லாமல்.

றிஸ்மியா தராசை நம்பமாட்டாள்.
மூடியைத் திறந்து மூடுமுன்
நாலாம் தசமம் ஏறத் தொடங்கிவிடும்:
நாங்கள் நிறுப்பது பாதி உப்பு, பாதி கொழும்பு.
நோன்பு மாதத்தில்
விடிந்ததிலிருந்து ஒரு மிடறும் இல்லாமல் வந்து
எங்கோ கிடக்கிற நிலாவின் நீரை
மூச்சடக்கி எண்ணிக்கொண்டிருப்பாள்.
நான் என் தேநீரை மாடிப்படியில் வைத்துக் குடிப்பேன்.

இனிப் பதினான்கு.
பதினேழு நாள், மறை இருபது பாகையில் வளர்த்தது.
எரிபொருள் வரிசை தும்முல்லைச் சந்தியைத்
தாண்டி நின்ற வருடம்.
பின்னேரம் இரண்டு பத்துக்கு
அட்டவணையில் இல்லாத மின்வெட்டு.
கீழே மின்பிறப்பாக்கி இரண்டு தரம் இருமியது.
காவலாளி லயனல் தன் மோட்டார்சைக்கிளைச் சரித்துப் பார்த்தார்,
அதிலும் இல்லை, இருந்தாலும் அது பெற்றோல்.

ஐஸ் தேடினோம்.
கன்டீனில் சிரித்தார்கள்.
வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு மீன்காரர்
பாளம் ஒன்றை உடைத்துக் கொடுத்தார்,
காசு வாங்கவில்லை, எதற்கென்றும் கேட்கவில்லை.
றிஸ்மியா அதைச் சாக்கில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் வந்தாள்.
மூன்றாம் மாடி ஏறும்போது
பாளம் பாதி, பாவாடை மீதி.

எல்லை இரண்டு பாகை.
அதைத் தாண்டினால் பதினொன்று ஏழாகும்,
மற்ற நாலும் வெளியே வந்துவிடும்,
வந்த நீர் திரும்பித் தன் உப்பையே கரைக்கும்.
ஒருவரும் ஒரு துளி ஊற்றவில்லை.
தனக்குள் இருந்ததில் தானே மூழ்கியது.
தட்டில் ஒரு சின்னக் குட்டை,
கரையில், ஐஸ் தொட்ட பக்கத்தில் மட்டும்,
ஏழெட்டு ஊசிகள் இன்னும் நின்றன.

ஐந்தேகாலுக்கு வெளிச்சம் வந்தது.
எறிந்துவிடலாம் என்றேன்.
‘அளந்துவிட்டு எறி’ என்றாள்.
நீங்கள் கேட்கிற பள்ளம் அதுதான்.

பிழை என்றால் பிழைதான்.
ஆனால் அங்கேயும் பனி பிளந்து, கீழிருந்து
சற்றே சூடு ஏறுகிற இடங்கள் இருக்குமானால்
அங்கே கிடப்பதும் சுத்தமான ஊசியாக இராது,
இப்படி அரைகுறையாய், ஈரமாய்த்தான் இருக்கும்.
இதை நிரூபிக்க என்னால் முடியாது.
பதினான்கை அட்டவணையிலிருந்து நீக்கவில்லை,
நட்சத்திரக் குறியொன்று போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதி தரலாம்.
மீன்வாடை வரைபில் எங்கும் பதியவில்லை.
இரண்டு பேருமாய்த் தேடிப் பார்த்தோம்.