இருபத்தாறு

போரா காற்று அடிக்கும் நாளில்
த்ரியெஸ்தேயில் யாரும் பல் பார்த்துக்கொள்ள வருவதில்லை.
மேட்டுத் தெருக்களில் முன்பெல்லாம் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இப்போது கயிறு இல்லை.
ஆனாலும் நீவெஸ் வந்துவிடுவாள்,
கோட்டில் ஒரு பொத்தான் போயிருக்கும்,
சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்.

நான் இங்கே உதவியாளர்.
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருப்பவள்.
டாக்டர் ஃபுர்லானின் விரல்கள் வாய்க்குள் இருக்கையில்
யார் கண் எங்கே போகும் என்பது எனக்குத்தான் தெரியும்.
விளக்குக்குப் போகும், கூரையில் ஈரம் படிந்த கறைக்குப் போகும்,
பாதிப் பேர் மூடிக்கொள்வார்கள்.
இவள் மட்டும்
அவர் கண்ணாடிச் சில்லில்
தன் வாய் சின்னதாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

படிவத்தில் உள்ளது இவ்வளவுதான்:
துறைமுகத்தில் வேலை, காப்பிக்கொட்டை மூட்டைகளுக்கு ரசீது போடுவது.
வயது நாற்பத்து நான்கு.
ஐந்தாவது மாடி.
அவசரமென்றால் யாரை அழைக்க என்ற இடத்தில்
பேனாவால் ஒரு கோடு,
காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தமாக.

முதல் தடவை வந்தது நிஜமான வலி.
கன்னத்தில் இடது உள்ளங்கையை வைத்து
"பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன்" என்றார்.
எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்.
மீன்கடை லூச்சோவிடமும் சொல்வார்,
லூச்சோ அழுவார் வேறு.
ஆனால் இவள்
ரப்பர் உறை தாண்டி வந்த அந்தச் சூட்டை
வீடுவரை கொண்டுபோயிருக்க வேண்டும்.

பிறகு கூச்சம் என்று வந்தாள்.
பிறகு எக்ஸ்ரேயில் தெரியாத ஏதோ ஒன்று.
அந்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் போனாள்.
"ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன்" என்றாள் பணம் கட்டும்போது,
"பின்னால் கடல்.
என் பல்லுக்கு நடுவில் கப்பல் போகிறது."
மீதிச் சில்லறையை வாங்க மறந்தாள்.

டிசம்பரில் வால்நட் சுருள் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள்.
அவர் பிரித்தும் பார்க்கவில்லை, நாங்கள்தான் தின்றோம்.
அடுத்த முறை அவரிடம், எப்படி இருந்தது என்றாள்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு "ம்?"
நான் முந்திக்கொண்டு
வால்நட் தாராளம், ரொம்ப நன்றாக இருந்தது என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

வாயைத் திறங்கள் என்று சொல்பவரிடம்
வாய்திறந்து ஒன்றும் சொல்ல முடியாது.
பஞ்சும் குழாயும் கண்ணாடியும் அடைத்த வாயில்
எந்தச் சொல்லும் "ஆ" தான்.
அவருக்கு அவள் பெயர் இருபத்தாறு,
மேல்வரிசை, இடப்பக்கக் கடைவாய்.
"இருபத்தாறு எப்படி இருக்கிறது இன்றைக்கு?"
ஆ.

பிப்ரவரியில் அது உடைந்து வந்தது.
ஆப்ரிகாட் கொட்டையைக் கடித்துவிட்டேன் என்றாள்.
இருபது வருடமாகப் பல் பார்க்கிறேன் நான்.
கொட்டை கடித்தால் இப்படி உடையாது.
எனாமலில் இரண்டு கீறல், இரும்பு பட்ட தடம்,
ஈறில் பழைய ரத்தம்.
குறடு.
ராத்திரியாக இருக்கும், கண்ணாடி முன்னால்,
வலியைத் தனியே பொறுத்துக்கொண்டு.
டாக்டர் பார்த்தாரோ என்னவோ,
"ஆறு தடவை வரவேண்டியிருக்கும்" என்றார்.
நாள் குறித்துக் கொடுத்த கல்யாணப்பெண் போல
அவள் அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.
நான் குழாயைக் கழுவினேன்.

ஆறும் முடிந்தது.
"அருமை, இனி ஒரு வருடம் கழித்து" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குள் நீளும் கல்மேடையில்
டாக்டர், அவர் மனைவி, கிழட்டு நாய்.
எதிரே நீவெஸ்.
அவர் கண் அவள் முகத்தின் மேல்
கல்லின் மேல் போவதுபோல் போனது.
மூடிய வாயில் அவளை அவருக்குத் தெரியாது.
அது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்,
நின்ற இடத்திலேயே
வாயை அகலத் திறந்தாள்.

காற்று உள்ளே போனது.
தொப்பியைப் பிடித்தபடி அவர் கடந்துவிட்டார்.
நாய் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.
பெஞ்சில் இருந்த நான்
சால்வையால் முகத்தை மூடிக்கொண்டேன்.
நானும் தனியாகத்தான் வந்திருந்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி.
ரொம்ப வலி, இன்றே பார்க்கவேண்டும் என்றாள்.
நோட்டைத் திறந்து, எந்தப் பல் என்று கேட்டேன்.

வெகுநேரம்
மூச்சு மட்டும் கேட்டது.

"நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள்" என்றாள்.