நாற்பத்திரண்டாவது புட்டி

மது எனக்கு ஒத்துக்கொள்ளாது.
அரைக் கோப்பைக்கே காது சிவந்துவிடும்.
இருந்தும் வீட்டில்
நாற்பத்தொரு ஒயின் புட்டிகள்
தெற்குச் சன்னலில் வெயில் காய்கின்றன.

வெங்காயம்போல் உட்கார்ந்திருப்பவை மூத்தவை;
கழுத்து குட்டை, இடுப்பு கனம்.
அப்புறம் சுத்தியல் தலை வடிவம்.
அதற்கும் அப்புறம்தான் இந்த நெட்டைப் பயல்கள்.
கவிழ்த்து அடியைத் தடவினால்
ஊதியவன் கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு,
தொப்புள் மாதிரி.
மண்ணில் கிடந்த கண்ணாடிக்கு ஒரு நோய் வரும்,
செதில் செதிலாய், புறாக் கழுத்தின் நிறத்தில்.
அந்த நோயைத்தான் நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.
குடித்தவர் இல்லை, ஊற்றியவர் இல்லை,
தொண்டை மட்டும் மிச்சம்.
வடகடல் காற்று வரும் நாட்களில்
சன்னலைத் திறந்துவைப்பேன்:
ஊவென்று ஒன்று, உம்மென்று ஒன்று.

மார்ச்சில் காரட் வந்தான்.
பழைய பண்ணைவீடுகளை இடிப்பவன்,
பூட்ஸைக் கழற்றச் சொன்னால் கோபித்துக்கொள்பவன்.
சஃபோக்கின் உள்ளே ஏதோ ஒரு கிராமத்தில்
கணப்படுப்புக் கல்லுக்கு அடியில் கிடந்ததாம், தலைகீழாய்.
சாக்கைப் பிரித்தான்.
வெங்காயப் புட்டி. தக்கை அப்படியே.
உள்ளே பாதிக்கு ஏதோ திரவம்.
"முந்நூறு வருஷத்து ஒயின்" என்றான்
தொப்பியைக் கழற்றி.

படம் அனுப்பி ஒரு மணிநேரத்தில்
ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஒருவர்
என் காரின் விலையைச் சொன்னார்.
அன்றிரவு காதருகே வைத்து அசைத்தேன்.
ஒயின் அப்படிப் பேசாது.
உள்ளே யாரோ பல்லைக் கடித்தார்கள்.

கால்நடை மருத்துவர் ஹெஸ்டர் ஃபிளவர்டூ
காலுறையை விழுங்கிய லாப்ரடாருக்கு அடுத்து
எங்களை அழைத்தாள்.
எக்ஸ்ரேயில் வளைத்துவிட்ட குண்டூசிகள்,
எண்ணினால் ஒன்பது,
மீன்முள்ளாய்க் குவிந்து.
டார்ச் அடித்ததில் பச்சைக்குள் ஒரு மயிர்ச்சுருள்.
"இது குடிக்கிற சாமான் இல்லை" என்றாள்.
"யாரோ இதற்குள் போயிருக்கிறார்கள்."
"எங்கே போனார்கள்?" என்றான் காரட்.
பிறகு புரிந்து
கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

எரிச்சல் தாங்காத ஒருத்தி,
ஒருவனாகவும் இருக்கலாம்,
பக்கத்துவீட்டுக்காரி வைத்த சூனியம் என்று நம்பி
தன் நீரையே பிடித்து, ஊசி போட்டு,
அடுப்புக்கடியில் கவிழ்த்துப் புதைத்தது.
எனக்குக் குத்துவது உனக்கும் குத்தட்டும்.
பக்கத்துவீட்டுக்காரிக்கு என்ன ஆயிற்று என்று
கண்ணாடி சொல்லவில்லை.
மற்ற புட்டிகள் சிலவற்றின் தோளில்
முத்திரை உண்டு: விடுதிப் பெயர், பிரபுவின் கிரீடம், வருஷம்.
இதன் தோள் வெறும் தோள்.

போன நவம்பரில்
சிறுநீரகத்தில் கல் என்று
இப்ஸ்விச்சில் எனக்கும் ஒரு குப்பி தந்தார்கள்.
பிளாஸ்டிக். திருகுமூடி.
பிறந்த தேதியோடு பெயர் ஒட்டியிருந்தது.
கழிவறைச் சுவரில் நெற்றியை அழுத்தியபடி
நானும் ஒருவரைத் திட்டினேன்.
யாரை என்று சொல்லமாட்டேன்;
இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறார்.

ஆன்ட்வெர்ப் மன்னிப்புக் கேட்டு விலகிக்கொண்டது.
லீட்ஸிலிருந்து இன்னொருவர்
ஊசிகளுக்காகவே இரட்டிப்பு தருவதாக எழுதினார்.
பதில் போடவில்லை.
காரட்டின் பங்கைத் தவணையில் கட்டுகிறேன்;
பைத்தியம் என்கிறான்,
என் தேநீரைக் குடித்துக்கொண்டே.

சன்னலில் வைக்க மனம் வரவில்லை.
சமையலறையில், அடுப்பை ஒட்டி,
ஒரு பழைய வாணலியில் துணி சுற்றி
வந்தபடியே நிற்கிறது, தலைகீழாய்.
பால் காய்ச்சும்போது
முழங்கை பட்டுவிடுமோ என்று
ஒருபக்கமாய் ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டேன்.