மறுப்பதற்கு ஆளில்லை

பதினொன்றரைச் செய்திக்கு ஒரு சொல் குறைந்தது.
நாலு சபையின் நாலு பட்டியையும்
ஒரே இடுப்பில் கட்டிக்கொண்ட ஒருவனுக்கு
ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் வந்திருந்தது.
‘ஏகமனதான உலக சாம்பியன்’ என்று எழுதினேன்.
மாதர் சங்கத் தலைவி தெரிவுபோல் இருந்தது.
‘சர்ச்சைக்கிடமற்ற’ என்றேன்.
காணி உறுதியின் வாடை அடித்தது.
கணினியை அப்படியே விட்டுவிட்டு
ஆமர் வீதியில் நவ்ஷாட்டின் கொத்துக்கடைக்கு
இறங்கிப் போனேன்.

“நாலும் வேணும்” என்றார் துவான் ஜுமாட்,
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
“மூணு வச்சிருக்கிறவன் மூணு கால் கதிரை.
உக்காரலாம்.
சாய ஏலாது.”

“பட்டி தகரம்” என்றான் பிரின்ஸ்லி.
“காசு கட்டாட்டி சபைக்காரன் கழட்டிக்கொண்டு போவான்.
முதல் இருந்தவனை அடிச்சவன் சாம்பியன்.
அவனை அடிச்சவன் அடுத்தவன்.
சங்கிலி, அவ்வளவுதான்.”
“முதல் இருந்தவன் தோக்காமலே ஓய்வெடுத்தா?”
பிரின்ஸ்லி பிளேன்டீயைக் கலக்கினான்.
சீனி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

கல்லில் இரண்டு தகடும் சட்டென நின்றன.
“கூப்பிட்டவனுக்கு ஒளியாதவன்” என்றார் நவ்ஷாட்.
“நாலையும் கட்டிக்கிட்டு
சரியான ஆளைக் கண்டா ரோட்டு மாறிப் போறவன்
சாம்பியன் இல்ல மச்சான்,
கடன்காரன்.”
தகடுகள் மறுபடி தொடங்க,
அதற்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.
சுனிமல் சிங்களத்தில் ஏதோ சொன்னான்.
நடுவர் மூவரும் ஒரே ஆளுக்கு எழுதினால்
அது எந்த ஊர் என்று முதலில் பார்,
அதுபோல ஒன்று.
எல்லாரும் சிரித்தார்கள்.
எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

பார்சலுக்கு நின்ற பெண் திரும்பினாள்.
ஈரத் தலைமுடி, தோளில் பை,
பையின் வாரில் தொங்கிய கையுறைகள்
விரிசலில் பஞ்சு காட்டின.
“நான் அப்பிடித்தான் வெண்டனான்” என்றாள்.

“அம்பத்தொரு கிலோ. மூண்டு வருசத்துக்கு முதல்.
மற்றப் பிள்ளை வரேல்ல.
காய்ச்சலெண்டாங்கள், பிறகு பஸ் இல்லையெண்டாங்கள்.
மணி அடிச்சது.
நடுவில போய் நிண்டன்.
அந்தாள் என்ர கையைத் தூக்கினார்.
மறுக்கிறதுக்கு அங்க ஒருத்தருமில்லை.
நீங்கள் தேடுற சொல் அதுதானே?”

ஜுமாட் வாயருகில் கொண்டுபோன கரண்டியைத்
தட்டில் வைத்தார்.

“பதக்கத்தை வியர்க்காத கழுத்தில
எத்தினை நாள் போட்டுக்கொண்டு திரியிறது?
அவளைத் தேடி எம்பிலிப்பிட்டியவுக்குப் போனன்.
நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தரை.
அவளின்ர தங்கச்சி போனில நேரம் பாத்தாள்.
மூண்டு ரவுண்டு.
ரெண்டாவதில என்ர மூக்கு.
மூண்டாவதில அவள் முழங்கால் மடங்கினவள்,
அல்லது நெல்லில வழுக்கினவள்.”

“யார் வெண்டது?”
நாலு பேரும் ஒரே நேரம்.
அன்றிரவு அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

அவள் பார்சலைப் பிரித்து
குழம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாள்.
“அவள் ஒண்டு சொல்றாள், நான் ஒண்டு சொல்றன்.
ஞாயிற்றுக்கிழமையில போன் எடுத்துச்
சண்டை பிடிப்பம்.”
முச்சக்கர வண்டி ஒன்று நின்றது.
பேரம் பேசாமல் ஏறிப் போனாள்.
பெயரைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

பதினொன்று இருபத்தெட்டு.
‘நாலு பட்டிகளையும் வென்ற’ என்று மட்டும் வாசித்தேன்.
அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு மூச்சு விட்டேன்.

செய்தி முடிய முதலே தொலைபேசி அடித்தது.
மட்டக்குளியிலிருந்து ஒரு நேயர்:
“தம்பி, அஞ்சாவது சபை ஒண்டும் இருக்கு,
அதை ஏன் விட்டனீங்கள்?”
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
சொல்லுங்கள் ஐயா என்றேன்.