நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்

லட்சத்தில் நாற்பது பேருக்கு இருக்கலாம் என்றார்
மாநில அலுவலகத்திலிருந்து வந்தவர்.
பள்ளிக்கூட உள்ளரங்கில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை கட்டி
எண்களை ஓடவிட்டார்.

எனக்கு லட்சம் தெரியாது.
பென்சில்வேனியாவில்
மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் முதுகில்
ஏறி இறங்கும் ஒரு சாலை தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள்.
இருபத்தாறு வருஷம்
வண்டி ஜன்னல் வழியே கை நீட்டியவன்.

ரத்தப் பிரிவிலிருந்து வரும் உறைக்கு
இடது மூலையில் ஒரு நீலக்கோடு.
முதலில் பதினேழாம் பெட்டி, காசிமிர் வொலான்ஸ்கி.
பிறகு முப்பத்தொன்று, பெர்னடீன் ஹூடக்.
முப்பத்து நான்கில் எல்டன் ஃப்ரிட்ஸ்
பட்டாணிக்குக் கிணற்றுநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கையெழுத்திட்டு வாங்கினார்.
நான்காவது உறையை
என் பெட்டியில் நானே போட்டேன்.
மூடியைத் தட்டிச் சாத்தினேன்,
பழக்கதோஷம்.

வெந்நீரில் குளித்தால் உடம்பெங்கும் எறும்பு ஊரும்.
முகம் சிவந்து நன்றாயிருக்கிறாய் என்றார்கள் சர்ச்சில்.
உள்ளே பாகு பதத்துக்கு
வந்துகொண்டிருந்தது ரத்தம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்.
விளக்கணைத்து வரும் டாங்கர் லாரிகள்
சுரங்கவாயில் குழாயை இறக்கும்.
பெயரில்லை, பலகையில்லை,
நம்பர் பிளேட்டில் சேறு.
காலையில் ஓடை
வானவில்லைப் பூசிக்கொண்டு வரும்.
ஆளுக்கொரு குச்சியால் கலக்குவோம்.
ஊதா எனக்கு என்பாள் பெர்னடீன்,
வேறு யாரையும் தொடவிடமாட்டாள்.

அவள்தான் அரங்கில் கையைத் தூக்கினாள்,
ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கையை.
"எங்கள் சாலைக்கு நீங்கள் எதிர்பார்த்தது
புள்ளி ஒன்று என்று போட்டிருக்கிறது.
பத்தில் ஒரு பங்கு ஆள்.
எந்தப் பங்கு?"

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.
அது கணக்கிடும் முறை என்றார் அவர்.
எண்ணிக்கை கூடுதல்தான்,
காரணம் இதுவென்று சொல்வதற்கில்லை,
தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்.
நாற்காலிகளை நாங்களே மடக்கி வைத்தோம்.

ஆறு வாரத்துக்கொரு முறை
அரை லிட்டர் எடுத்துவிடுகிறார்கள்.
பிறருக்கு ஏற்ற முடியாத ரத்தம்.
மார்லீஸ் என்ற நர்ஸ்
பையின் வாயை முடிந்து
எடை பார்த்து, தேதி எழுதி,
இரண்டிடத்தில் கையெழுத்துப் போட்டு
மூன்று கொம்பு முத்திரை குத்திய
சிவப்புத் தொட்டியில் வைத்துப் பூட்டுகிறாள்.
தனி வண்டி வரும்.
கதவில் உரிம எண் ஆளுயரத்துக்கு.

எங்கே போகும் இது என்று கேட்டேன்.

"அதற்கென்று சட்டம் இருக்கிறதே,
கண்ட இடத்தில் கொட்டிவிட முடியுமா?"

என் தோள் குலுங்கியது.
ஊசி நகர்ந்துவிட்டதோ என்று
அவள் குனிந்து பார்த்தாள்.