தெரியாது என்ற கட்டம்

இருபத்திரண்டு குளிர்காலமாக ஒரே கேள்வி:
முடியாட்சி தொடர வேண்டுமா?
வேண்டும். வேண்டாம். தெரியாது.
லுண்டெவிக் துறைமுகத்தில், மீன் பதனிடும் ஆலையின் மேல்மாடியில்
காதுக்கருவி மாட்டிய பதினோரு பேரில் நான் ஒருத்தி.
அழைப்புக்கு இவ்வளவு என்று கூலி.
"மன்னர்" என்ற சொல்லில் குரல் சாயக்கூடாது,
எந்தப் பக்கமும்.
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அவர் அரியணை ஏறிய ஆண்டு எண்பத்தொன்று விழுக்காடு.
முடி சூட்டவில்லை. அது எப்போதோ
கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.
கையெழுத்துதான். பேனா எழுதவில்லை.
உதறினார்; மை தெறித்து
அமைச்சரின் சட்டைக் கையில் ஒரு தீவு.
நாடே சிரித்தது, நம் வீட்டுப் பிள்ளை ஏதோ கொட்டிவிட்டதைப் போல.

மூன்றாம் ஆண்டு வெள்ளம். ஓஸ்தரால் பாலம் போனது.
கடையில் வாங்கிய கறுப்புக் குடையோடு வந்தார்.
காற்று அதைப் புரட்டிப் போட்டது.
கம்பிகள் வானத்தைப் பார்த்து விரிய
சொட்டச் சொட்ட நின்று
ஒரு விவசாயியிடம் பன்றிகளின் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தார்.
கொற்றக்குடை நிழலில் குடிகள் வாழ்ந்தார்களாம்.
அன்று குடையும் இல்லை நிழலும் இல்லை,
எண்பத்தாறு.
அதற்குமேல் அது ஏறவே இல்லை.

மின்கட்டணம் மும்மடங்கான தை மாதத்தில்
ரக்ன்ஃப்ரித் மூ கேட்டாள்:
"என் வீட்டில் ஓர் அறைக்குத்தான் சூடு.
அவருக்கு எத்தனை அறை?"
ஒன்பது வருடம் வேண்டும் என்றவள்.
அவள் கேள்விக்கு என் திரையில் இடமில்லை.
காத்திருந்தேன்.
"வேண்டாம்னு போட்டுக்கோ," என்றாள்,
கடைக்காரனிடம் பழைய கணக்கை முடிப்பவள் மாதிரி.

படகு மெக்கானிக் ஐலர்ட் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம்.
"ஆனா அந்த ஆள எனக்குப் பிடிக்கும். அத எங்க குறிப்பே?"
எங்கும் குறிக்கவில்லை.
பேருந்து ஓட்டும் தஹாபோ சொன்னாள்,
குடியுரிமை தந்த நாளில்
அத்தனை அதிகாரிகளுக்கு நடுவே
தன் பெயரைச் சரியாக உச்சரித்தது அவர் ஒருவர்தான் என்று.
"வேண்டும். அதுக்காகவான்னு கேக்காதே."
கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பத்தொன்பது வயது யில்வாவுக்கு அவர் முகம் நினைவில்லை.
அஞ்சல்தலையில் இருப்பாரே என்று சொல்ல வாயெடுத்து
விழுங்கினேன்.

எழுபத்திரண்டு. அறுபத்து நான்கு.
தம்பியின் வேட்டை மாளிகைக்குப் பொதுப்பணம் போன ஆண்டு
ஐம்பத்தைந்து.
புத்தாண்டு உரையில் ஒரு வாக்கியத்தின் நடுவே
பதினொரு நொடி நின்றுபோனார்.
மறந்தாரா, அழுதாரா என்று
மூன்று நாள் விவாதம். நான் நொடிகளை மட்டும் எண்ணினேன்.
தொழில் பழக்கம்.

இந்த மார்ச்சில், கணினி தானாகச் சுழற்றிய ஓர் எண்.
தலைநகரம். முதிய ஆண்குரல்.
வயது? எழுபத்தொன்று.
தொழில்?
"குடும்பத் தொழில். ஆள்குறைப்பு வரலாம் என்கிறார்கள்."
சவப்பெட்டி செய்பவராக இருக்கலாம்.
குறும்புக்காரராக இருக்கலாம்.
பின்னால் ஒரு நாய் பெரிய அறையில் குரைத்தது,
குரைப்பு சுவரைத் தொட்டுத் திரும்ப நேரமானது.
கேள்வியைப் படித்தேன், சாயாமல்.
"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார்.
எனக்குச் சொல்ல அனுமதியில்லை, ஐயா.
"ஓ," என்றார்.
"எனக்கும்."

இருவரும் சற்று நேரம் தொலைபேசியில் இருந்தோம்.
கீழே ஆலையில் பெட்டிகளை இறக்கும் சத்தம்.
அழைப்புக்குத்தான் கூலி, நிமிடத்துக்கு அல்ல;
இருந்தும் நான் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாளிதழ் கொட்டை எழுத்தில் போட்டது:
நாற்பத்தொன்பது.
முதன்முறையாகப் பாதிக்குக் கீழே என்று எழுதி,
பிழை வரம்பு மூன்று என்பதை
எறும்பு எழுத்தில் ஓரத்தில் வைத்தது.
தெரியாது ஏழு விழுக்காடு,
அதை யாரும் அச்சடிக்கவே இல்லை.
வெளியே மழை பிடித்திருந்தது.
எறும்பு எழுத்தை உள்பக்கமாக மடித்து
தாளைத் தலைக்குமேல் பிடித்தபடி
பேருந்துக்கு ஓடினேன்.