செல்லப்பிராணி: இல்லை

விடிகாலை மூன்றேகாலுக்கு இயந்திரம் கத்தியது.
ஐந்து நாளாய் வாய் திறக்காத ரத்தப் புட்டி.
சாயமேற்றிப் பார்த்தேன்:
யாரோ குங்குமத்தை ஊதிவிட்டதுபோல்
சிவப்பாய், பொடிப்பொடியாய்.

படிவம் சொன்னது:
ஆண், முப்பத்தெட்டு, துவாஸ் கப்பல் பட்டறை.
பொழுது சாய்ந்தால் காய்ச்சல், விடிந்தால் வியர்வை.
டெங்கி இல்லை. காசம் இல்லை.
செல்லப்பிராணி: இல்லை.

அந்த இல்லையை நம்பித்தான்
இரண்டு நாள் கழித்து
திறந்த மேசையில் தட்டைத் திறந்தேன்.
சியூ லெங் குனிந்து முகர்ந்தாள்.
சில கிருமிக்குத் திராட்சை வாசம் உண்டு,
விடாத பழக்கம்.
"ஒண்ணும் மணக்கலையே."

மதியம் பெயர் தெரிந்தது. புரூசெல்லா.
அந்த அறையில் மூச்சுவிட்டவர்களை
எண்ணத் தொடங்கினார்கள்.
ஏழு பேர். நான் நாலாவது.

வார்டில் தமிழ் பேச ஆளில்லை, வா என்றார் மருத்துவர்.
பரஞ்சோதி இடுப்பைப் பிடித்தபடி
ஒருக்களித்துப் படுத்திருந்தார்.
அவரிடமிருந்து எனக்கு ஒட்டாது.
ஒட்டுவதென்றால்
தட்டிலிருந்து ஒட்டி முடித்திருக்கும்.

"ஆடு மாடு தொட்டீங்களா அண்ணே?"

"ஆடா? அதை யாரும் கேக்கலையே.
சொந்தமா பெட் இருக்கான்னாங்க.
கட்டில் கம்பெனியோடதாச்சே,
இல்லைன்னேன்."

சிரிக்கக் கூடாது என்று கவசத்துக்குள் உதட்டைக் கடித்தேன்.

"லீவுல போனப்ப தங்கச்சி ஆடு திணறுச்சு.
கையை விட்டு இழுத்தேன், செத்த குட்டி.
மறு வாரம் இன்னொண்ணும் வீசிருச்சு."

வீசிருச்சு.
யீஷுனில் வளர்ந்த எனக்கு
அந்த வினை பந்துக்கு மட்டும்தான் தெரியும்.
எதை, எங்கே என்று கேட்கப்போய்
பாதியில் புரிந்து
மருத்துவருக்கு வேறு சொல் தேடினேன்.
கையிலிருந்த கீறலைக் காட்டினார். ஆறியிருந்தது.

"எனக்கு ஆறு வாரம் மாத்திரை. சரி. ஆட்டுக்கு?"

மொழிபெயர்த்தேன்.
மருத்துவர் பேனாவை மூடினார்.
அந்த அசைவுக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு
போனைத் தேடினார்.
"தங்கச்சி முதுகு வலிக்குதுன்னா.
களையெடுத்த வலின்னு நெனச்சோம்."

எங்கள் பட்டியலில் ஏழு பெயர்,
ஏழு பேருக்கும் மூன்று வாரம் மருந்து,
ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை.
தங்கச்சி பெயர் முத்துராக்கு.
கேட்டு வைத்திருக்கிறேன்,
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.
ஆடுகளுக்குப் பெயர் உண்டா என்று மட்டும்
கேட்காமல் வந்துவிட்டேன்.

சிறுநீர் ஆரஞ்சாய்ப் போகிறது.
அது மாத்திரையின் நிறம், பயமில்லை.
ஆறரை மணி, காத்திப் தாண்டும் ரயில்,
எல்லார் நெற்றியும் வெயிலில் மினுங்குகிறது.

வீட்டில் வெப்பமானி:
முப்பத்தேழு புள்ளி நான்கு.
படி ஏறி வந்த சூடாயிருக்கும்.
காய்ச்சல்: இல்லை
என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.