இறக்கம்

நகரும் படிகளின் அடிவாரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நான்,
இருபத்திரண்டு வருடமாக.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தியது ஏழு முறை.
மற்ற நேரமெல்லாம்
திபிலிசி நகரம் நின்றபடியே மேலேறிப் போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் மின்சாரம் போனது.
எல்லோரோடும் நானும் ஏறினேன்.
முப்பத்தெட்டாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
வயலின் பெட்டி சுமந்த பையன் ஒருவன்
வழியில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவதுபோல
என்னைச் சுற்றிப் போனான்.

மறுநாள் இரவே கல் அசையத் தொடங்கியது.

கடைசி ரயில் போனபின் கோச்சா இயந்திரத்தை நிறுத்துவான்.
“நஸிப்ரோலா, பதினைந்து நிமிடம். அதற்குமேல் பூட்டிவிடுவேன்.”
நின்றுபோன படிகளுக்கு உயரம் அதிகம்;
ஓடும்போது அது தெரிவதில்லை.
ஒரே மூச்சில் நாற்பது, உட்கார்ந்து எழுந்து மறுபடி நாற்பது.
காதுக்குள் யாரோ கம்பளம் உதறினார்கள்.
அடுத்த வாரம் ஐம்பது. பிறகு சளி பிடித்து, முப்பது.
வேகமாய் ஏறினால் மூச்சு
கடன்காரன்போல நடுவழியில் மறிக்கும்.
பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் என் வேகம் என்று
புரிய ஏப்ரல் ஆயிற்று.
பேசத்தான் ஆள் இல்லை.
அவ்லாபாரி, இசானி, சம்கோரி என்று
நிலையங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறினேன்,
அறிவிப்புக் குரலில்.

பிறகு முதுகில் பை. பைக்குள் ராஜ்மா.
இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ கூடுதல்.
ஆறு கிலோ ஆனபோது ஒரு கிலோவை வேகவைத்து,
வால்நட்டும் கொத்தமல்லியும் அரைத்துப் போட்டு,
கோச்சாவுக்குக் கொண்டுபோனேன்.
“இதற்காகவா இத்தனை பாடு?”
என்றான், வாய் நிறைய.

ஆகஸ்டில் ஸ்வானேத்தி மலைக்குத்
தொழிற்சங்கப் பேருந்து. பதினோரு பேர்.
அதிஷி ஆற்றைக் குதிரைமேல் கடந்தோம்.
அப்புறம் கணவாய்வரை ஏற்றம், ஏற்றம் மட்டும்.
சிக்னல் பிரிவு இளைஞர்கள் ஓடி ஓடிப் போய்
உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள்.
நான் உட்காரவில்லை.
இசானி. சம்கோரி.
வார்கேத்திலி, கடைசி நிலையம்:
எதிரே பனியாறு, நீலமாய், விரிசல் விரிசலாய்.
அழுகை வரும் என்று நினைத்திருந்தேன்.
பசிதான் வந்தது.

பிறகு இறக்கம்.
பத்தாவது நிமிடத்தில் தொடைகள்
கொதிக்கும் பானையின் மூடிபோல நடுங்கின.
வைத்த இடத்தில் கால் நிற்கவில்லை.
அப்போதுதான் உறைத்தது:
இந்த ஆறு மாதத்தில்,
அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருடத்தில்,
ஒருநாளும் நான் படியிறங்கியதில்லை.
தினமும் காலையில் இயந்திரம்தான்
என்னைக் கீழே கொண்டுபோய் வைத்தது.

பக்கவாட்டில் நடந்தேன். பின்புறமாய் நடந்தேன்.
ஓரிடத்தில் உட்கார்ந்தே சறுக்கினேன்; பாவாடை கிழிந்தது.
டிக்கெட் கவுண்டர் லாமாரா காத்திருந்து
என் பையை வாங்கிக்கொண்டாள்.
“என்ன கனம்! உள்ளே என்ன?”
“ராஜ்மா.”
“மலைக்கா?”
“பழக்கமாகிவிட்டது.”
அவள் சிரித்த சிரிப்பில் நாங்கள் இருவரும்
கொஞ்ச நேரம் நடக்க முடியாமல் நின்றோம்.
எல்லோரும் கிராமத்தில் சாப்பிட்டு முடித்தபின்
போய்ச் சேர்ந்தோம்.

திங்கட்கிழமை, காலை ஐந்தரை.
நகரம் இன்னும் வரவில்லை.
மேல்வாசலில் கோச்சா, கையில் சாவி.
“கீழேதானே? ஓடவிடட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன்.